கறுப்புக் கண்பட்டையும் மூன்றரை லட்சம் ரூபாயும்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் வெளிநாட்டு டெஸ்கில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்குவதுதான் என் வேலை. சூடான், உக்ரைன், காஸா எல்லாமே என் கணினி வழியாகத்தான் போகின்றன. ஆனால் நான் எங்கும் போனதில்லை. மூன்றரை லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஏதாவது ஒரு போர்க்களத்துக்குப் போய், நாலு நல்ல கட்டுரைகளோடு திரும்பினால் ஏதாவது ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். போர்ச் செய்தியாளர் மேரி கொல்வினின் படத்தை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பாவோ, "ஊரான் சண்டையில உனக்கு என்னடா வேலை?" என்கிறார். போகலாமா?
— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

தம்பி, இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். டிக்கெட்டும் எடுக்காதீர்கள். ஆசை இருக்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை உங்கள் மேசையில் இருக்கும் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கொல்வினின் அந்தக் கறுப்புக் கண்பட்டைக்கு அடியில் இருந்த கண் போனது நம் பக்கத்தில், இலங்கையின் வன்னியில். 2001 ஏப்ரல் மாதம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிக்குள் பத்திரிகையாளர்களை இலங்கை அரசு பல வருடங்களாக விடாமல் வைத்திருந்தது. கொல்வின் அனுமதி வாங்காமல் காட்டுவழியாக உள்ளே போனார். உணவும் மருந்தும் தட்டுப்பாடாக இருந்த இடம்பெயர்ந்த மக்களைப் பார்த்தார். திரும்பும்போது இருட்டில் ராணுவ நிலைகளைக் கடக்கையில் சூடு விழுந்தது. "பத்திரிகையாளர், அமெரிக்கப் பத்திரிகையாளர்" என்று கத்தினார். அதற்குப் பிறகும் ஒரு குண்டு வந்து வெடித்தது. இடது கண் போயிற்று.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். படத்தில் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

அந்தக் காட்டுக்குள் போனபோது அவர் இந்தத் தொழிலுக்குப் புதியவர் இல்லை. யுபிஐ செய்தி நிறுவனத்தில் தொடங்கி, 1986இலேயே லிபியத் தலைவர் கடாஃபியைப் பேட்டி எடுத்தவர். 1999இல் கிழக்குத் திமோரின் டிலி நகரில், ஐ.நா. வளாகத்தில் அடைக்கலம் புகுந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கிளம்ப மறுத்து அங்கேயே தங்கியவர். அவர் பின்னால் லண்டனில் சண்டே டைம்ஸ் என்ற பெரிய பத்திரிகை இருந்தது. அடிபட்டதும் தூதரகம் பேசியது, மருத்துவமனை கிடைத்தது. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் அவரே வன்னிக்குள் போயிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது எட்டு வருடம் கழித்து நடந்தது. 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடியும் தறுவாயில், சரணடைய வழி தேடிய புலிகளின் தலைவர்கள் நடேசனும் புலித்தேவனும் தொடர்புகொண்டவர்களில் கொல்வினும் ஒருவர். 2001இல் வன்னியில் அறிமுகமானவர்கள். அவர்கள் சொன்னதை ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியாரிடம் அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெள்ளைக்கொடியை உயர்த்திப் பிடித்து வரட்டும் என்பது அவருக்குக் கிடைத்த பதில். மே 18 விடிந்து சில மணி நேரத்தில் இருவரும் உயிரோடு இல்லை. வெள்ளைக்கொடி விவகாரம் என்று நாம் இன்றும் பேசுவது இதைத்தான். ஒரு செய்தியாளர் இப்படி நடுவில் நின்று தூது போகலாமா என்று எங்கள் தொழிலில் இன்னும் சண்டை உண்டு. உயிர் கேட்டு வரும் அழைப்பை எடுக்காமல் இருக்க முடியாது என்பது என் கட்சி. ஆனால் உங்களுக்கு இதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. எட்டு வருடம் கழித்தும் ஒருவருக்கு உங்கள் எண்ணை அழைக்கத் தோன்ற வேண்டும். இந்தத் தொழிலில் மூலதனம் என்று ஒன்று இருந்தால் அதுதான். நாலு வாரம் போய் நாலு கட்டுரையோடு திரும்புகிறவருக்கு அது சேராது.

சரி, உங்கள் மூன்றரை லட்சத்துக்கு வருவோம். டாலரில் சுமார் நாலாயிரம். ஃபிரான்செஸ்கா போரி என்ற இத்தாலியச் செய்தியாளர் சிரியாவில் எந்த நிறுவனத்தையும் சேராமல் வேலை பார்த்தவர். 2013இல் தன் கணக்கை வெளிப்படையாக எழுதினார். ஒரு கட்டுரைக்குக் கிடைத்தது 70 டாலர். வண்டிக்கு ஒரு நாள் வாடகை 250 டாலர். தரையில் ஒரு மெத்தையில் படுக்க ஒரு இரவுக்கு 50 டாலர். இன்ஷூரன்ஸ் மாதம் ஆயிரம் டாலரை நெருங்கியதால் எடுக்கவே முடியவில்லை. இன்று இதெல்லாம் குறைந்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பழைய கணக்கிலேயே விமானச் சீட்டு போக உங்கள் சேமிப்பு பத்துப் பதினோரு நாள் தாங்கும். அதற்கு மேல் நீங்கள் மலிவான வண்டியைத் தேடுவீர்கள், மொழிபெயர்ப்பாளரை விட்டுவிடுவீர்கள், பாதுகாப்பான ஊரில் தங்காமல் களத்துக்குப் பக்கத்திலேயே படுப்பீர்கள். போர்க்களத்தில் காசு மிச்சம் பிடிப்பதென்றால் இதுதான்.

'திரும்பி வந்தால் எடுத்துக்கொள்வார்கள்' என்ற நம்பிக்கையும் பழைய கதை. கொல்வின் 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் அதே தாக்குதலில் இறந்தார். அடுத்த வருடம் அதே சண்டே டைம்ஸ், சிரியாவுக்குத் தானாகவே போன ஒரு புகைப்படக்காரரின் படங்களை வாங்க மறுத்தது. வாங்கினால் இன்னும் பத்துப் பேர் அப்படிக் கிளம்புவார்கள் என்பது அவர்கள் கவலை. 2014இல் அமெரிக்கச் செய்தியாளர்கள் ஜேம்ஸ் ஃபோலியும் ஸ்டீவன் சாட்லாஃபும் சிரியாவில் கொல்லப்பட்ட பிறகு, எங்கள் ஆட்களை அனுப்பாத இடத்துக்குப் போகும், எந்த நிறுவனத்தையும் சேராத சுதந்திரச் செய்தியாளர்கள் தரும் செய்தியை எடுக்க மாட்டோம் என்று பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏஎஃப்பி அறிவித்தது. இரண்டு பேருமே எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாதவர்கள். ஆக, நீங்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்து வருவதை நல்ல நிறுவனங்கள் தொடவே மாட்டா. தொடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிறுவனம் பின்னால் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. நம் டானிஷ் சித்திக்கி ராய்ட்டர்ஸ் ஊழியர், ரோஹிங்யா மக்கள் பற்றிய படங்களுக்காகப் புலிட்சர் விருது வாங்கிய குழுவில் இருந்தவர், அனுபவசாலி. 2021 ஜூலை 16 அன்று கந்தகார் மாகாணத்தின் ஸ்பின் போல்டக்கில் ஆப்கன் சிறப்புப் படையோடு போனவர் திரும்பவில்லை. அவருக்கே அப்படி என்றால், நீங்கள் குறித்த நேரத்துக்குத் திரும்பாதபோது யாருடைய போன் அடிக்கும், அவர் என்ன செய்வார், எத்தனை மணி நேரம் பொறுப்பார் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் பதில் எழுத முடியாதவரை கிளம்பாதீர்கள்.

நான் கொஞ்ச வருடம் கொழும்பிலும், நடுநடுவே காபூலிலும் இருந்தேன். அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது என் துணிச்சல் இல்லை. வன்னிக்குள் நுழையும் வழியில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வெயிலில் காகிதங்களோடு காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் குண்டுச் சத்தம் கேட்ட நேரத்தைப் போல நூறு மடங்கு இருக்கும். காபூலில் எனக்கு வண்டி ஓட்டியவர் ஒரு நாள் காலை பாதி வழியில் எதுவும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். ஏன் என்று கேட்டேன். போன் கார்டு விற்கும் பையன்கள் வழக்கமான முக்கில் இல்லை என்றார். அன்று அங்கே எதுவும் நடக்கவில்லை. மறுநாள் நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது அவர் சிரிக்கவில்லை. அந்த ஊரில் இருபது வருடம் பிழைத்திருந்தவரின் கணக்கு அது. எனக்கு அந்தத் தெருவில் இருந்த பையன்களே கண்ணில் பட்டதில்லை.

ஃபிக்ஸர் என்று நாங்கள் சொல்வது இப்படிப்பட்டவர்களைத்தான். மொழிபெயர்ப்பார்கள், ஆளைப் பிடித்துத் தருவார்கள், எங்கே நிறுத்த வேண்டும் எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்வார்கள். பைலைனில், அதாவது கட்டுரையில் எழுதியவர் பெயர் போடும் இடத்தில், அவர்கள் பெயர் வராது. 2007இல் ஆப்கானிஸ்தானில் ஓர் இத்தாலியச் செய்தியாளரையும் அவரோடு போன இருவரையும் தாலிபான்கள் பிடித்தார்கள். இத்தாலியர் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். வண்டி ஓட்டிய சையத் ஆகாவும் மொழிபெயர்ப்பாளர் அஜ்மல் நக்ஷ்பந்தியும் கொல்லப்பட்டார்கள். நீங்கள் வெளியூர்க்காரர், விமானம் ஏறிவிடலாம். அவர் வீடு அங்கேதான். கொல்வின் வன்னிக்குள் போவதற்கு ஆறு மாதம் முன்னால், யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன், ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவர் படத்தையும் உங்கள் மேசையில் ஒட்டலாம். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இஸ்ரேலிய ராணுவத்தோடு மட்டுமே போக முடிந்தது. நீங்கள் தமிழாக்கிய காஸா செய்திகளில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்து, அங்கேயே பசியோடு இருந்தவர்கள் எழுதியவை.

என் பங்குக்கு ஒரு தப்பும் செய்திருக்கிறேன். அதையும் கேளுங்கள். போருக்குப் பிறகு வடக்கில் ஒரு ஊரில் ஒரு அம்மாவிடம் பேசினேன். காணாமல்போன மகனைத் தேடிக்கொண்டிருந்தவர். பெயரை மாற்றித்தான் எழுதினேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு, வாசலில் பட்டுப்போன மாமரம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். காட்சி நன்றாக வந்ததே என்ற பெருமை எனக்கு. கட்டுரை வந்த நாலாம் நாள் சாதாரண உடையில் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். "பத்திரிகைக்காரிக்கு என்ன சொன்னாய்?" அவ்வளவுதான் கேட்டார்கள், வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த அம்மா அப்புறம் என் அழைப்பை எடுக்கவே இல்லை. இன்றைக்கும் யாராவது நல்ல காட்சி வர்ணனையோடு எழுதித் தந்தால் நான் முதலில் பார்ப்பது மாமரம் எங்கே என்றுதான்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் எதிர்பார்த்திருக்காத பதில் இது: சிங்களம் படியுங்கள்.

சூடானுக்குப் போனால் அரபி தெரியாத, ஊர் தெரியாத நூறு பேரில் ஒருவர் நீங்கள். தமிழ் தாய்மொழியாக, சிங்களம் பேசவும் படிக்கவும் தெரிந்த செய்தியாளர் இந்தியாவில் எத்தனை பேர்? என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். போர் 2009இல் முடிந்ததாகச் சொல்கிறோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்கில் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையவை உட்பட. முதல் வாரம் எல்லாரும் எழுதினார்கள். நீதிமன்ற ஆவணத்தைப் படித்து, அகழ்வு செய்யும் நிபுணரிடமும், கொழும்பில் இருக்கும் அதிகாரியிடமும், தெற்கில் ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளையை இழந்த சிங்களத் தாயிடமும் அவரவர் மொழியில் பேசி எழுதுகிற ஆள் வேண்டும். குண்டு விழாத இடத்திலும் போர்ச் செய்தி இருக்கிறது. அதை எழுதப் பழகியவர்தான் குண்டு விழும் இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிவார். ஒன்று மட்டும்: சுற்றுலா விசாவில் போய்ச் செய்தி சேகரிக்காதீர்கள். பத்திரிகையாளர் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். தாமதமாகும். மாட்டினால் நீங்கள் நாடு கடத்தப்படுவீர்கள், உங்களிடம் பேசியவர் அங்கேயே விசாரிக்கப்படுவார்.

விசாவே வேண்டாம் என்றால் மணிப்பூர் இருக்கிறது. இனக்கலவரம் 2023 மே 3இல் தொடங்கியது. மெய்தி, குக்கி பகுதிகளுக்கு நடுவே எல்லை போட்டது போலாகி, ஒரு பக்கத்து ஓட்டுநர் மறுபக்கம் போக முடியாத நிலை வந்தது. சொந்த நாட்டில், உங்கள் சானலின் செலவில், ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றுதான் சொல்வார்கள். மூன்று தடவை எழுத்தில் கேளுங்கள். எங்கே போகிறேன், யாரைப் பார்க்கிறேன், என்ன புதிதாகக் கிடைக்கும், எவ்வளவு ஆகும், எப்படித் திரும்புவேன் என்று ஒரே பக்கத்தில். அந்த ஒரு பக்கம் எழுதத் தெரிவதே பாதி வேலை.

டெஸ்க் வேலையை மட்டமாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. 2025 மே மாதம், இந்தியா பாகிஸ்தான் மோதலின்போது ஒரு ராத்திரி நம் நாட்டுச் சானல்கள் சில கராச்சித் துறைமுகம் தகர்ந்தது என்று அலறின. விடிந்தபோது துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த இரவு ஏதாவது ஒரு டெஸ்கில் ஒரு பையன் 'இந்த வீடியோ எங்கே எடுத்தது?' என்று கேட்டு, நிழலின் திசையையும் கட்டடத்தையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டிருந்தால் அவன்தான் அன்றைய போர்ச் செய்தியாளன். இதை நீங்கள் நாளை ஷிஃப்டிலேயே பழகலாம்.

இந்த மாதமே செய்ய வேண்டியது முதலுதவி வகுப்பு. சென்னையில் செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் வகுப்பில் சேருங்கள். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் தொடை இடுக்கில் காயம்பட்டு, மருத்துவமனை சேர்வதற்குள் ரத்தம் போய் இறந்தார். ரத்தத்தை நிறுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாரே என்ற ஆதங்கத்தில், அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் சுதந்திரச் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்றுத்தரும் ஓர் அமைப்பையே தொடங்கினார். கை காலில் ரத்தம் பீறிட்டால் இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையை உங்கள் மேலேயே கட்டிப் பழகுங்கள், ஒற்றைக் கையால், இருட்டில். அதற்குப் பிறகு ஆபத்தான சூழலுக்கான பயிற்சி. ஹெஃபாட் என்பார்கள். ஒரு வாரத்துக்குள் முடியும், செலவு அதிகம். லண்டனில் உள்ள ரோரி பெக் அறக்கட்டளை சுதந்திரச் செய்தியாளர்களுக்கு இதற்கு உதவித்தொகை தந்துவந்திருக்கிறது. விண்ணப்பித்துப் பாருங்கள். உள்ளூரில், தரமணியில் இருக்கும் பிரஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா, சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவோடு சேர்ந்து மனிதாபிமானச் செய்திகளுக்குப் பரிசு கொடுத்துவந்திருக்கிறது. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, அதற்கு வந்த கட்டுரைகளைப் படியுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. உங்கள் சாதாரணப் பயணக் காப்பீட்டில் போர் நடக்கும் இடத்துக்கு விலக்கு இருக்கும், பொடி எழுத்தில் தேடுங்கள். துரையா, இரிடியம் சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள், இங்கே விமான நிலையத்திலேயே கைதாகலாம். ஜெனிவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறை பத்திரிகையாளரைப் பொதுமக்களில் ஒருவராகத்தான் நடத்த வேண்டும் என்கிறது. படித்து வையுங்கள். சாவடியில் துப்பாக்கியோடு நிற்கும் பத்தொன்பது வயதுப் பையன் படித்திருக்க மாட்டான். நெஞ்சில் 'பிரஸ்' என்று எழுதியிருப்பது சில இடங்களில் கவசம், சில இடங்களில் குறி. கொல்வின் செய்தியாளர் என்பதாலேயே குறிவைக்கப்பட்டார் என்று 2019இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் முடிவுசெய்து, சிரிய அரசு 30 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றது.

மனசைப் பற்றிக் கொஞ்சம். டொராண்டோ மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டைன் 140 போர்ச் செய்தியாளர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 28 பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது தெரிந்தது. அது சிப்பாய்களிடம் காணும் அளவுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. கொல்வினுக்கும் இருந்தது, சிகிச்சை எடுத்தார். எனக்கு வந்தது வேறு மாதிரி. தீபாவளி வெடிச் சத்தம் பிரச்சினையே இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிற கூட்டத்தைப் பார்த்தால் கை நடுங்கும். நிவாரண லாரி ஞாபகம். இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், அது முட்டாள்தனம். டெஸ்கில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பிணங்களின் வீடியோ பார்க்கிற உங்களுக்கும் இது வரலாம். தூக்கம் கெட்டால் டாக்டரிடம் போங்கள்.

அப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஊரான் சண்டையில் உனக்கு என்ன வேலை என்று ஒவ்வொரு எடிட்டரும் வேறு வார்த்தையில் இதையேதான் கேட்பார். அந்த ஒரு பக்க விண்ணப்பத்தில் நீங்கள் எழுதப்போவதும் அதற்கான பதில்தான். முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் எடிட்டருக்கும் புரியும். ஹெஃபாட் பயிற்சியில் ஒரு படிவம் தருவார்கள். ரத்த வகை, ஒவ்வாமை, உங்களைக் கடத்தினால் நீங்கள்தான் உயிரோடு பேசுகிறீர்கள் என்று உறுதிசெய்ய வீட்டாருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வி, அதன் பதில். அந்தக் கேள்வியை அப்பாவோடு உட்கார்ந்துதான் யோசிக்க வேண்டியிருக்கும். ஃபேஸ்புக்கில் தேடினால் கிடைக்கிற மாதிரி இருக்கக் கூடாது. அவருடைய எண்ணில் வாட்ஸ்அப் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.